முதலாண்டிலேயே தேர்தலா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரிகள் திறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து, சொல்லிவைத்தாற்போல் மாணவர் சங்கத் தேர்தலைப் பற்றியே கேட்கின்றன. ஐந்துக்கும் ஒரே இதழில் பதில் எழுதுகிறேன். மற்ற வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஐயா, என் மகள் இந்த ஆண்டுதான் தில்லிப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்றில் வரலாறு படிக்கச் சேர்ந்தாள். அங்கே ஊரும் பழகவில்லை, இந்தியும் முழுதாக வரவில்லை. அதற்குள் கல்லூரித் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நிற்கப் போவதாக ஃபோனில் சொல்கிறாள். முதலாண்டு மாணவி நிற்க விதியில் இடம் உண்டா? படிக்கப் போன இடத்தில் இது தேவையா?
– வாசகி, திருநெல்வேலி

விதியில் இடம் உண்டு. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையிலான குழு 2006-ல் தந்த பரிந்துரைகளை நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று உத்தரவிட்டது. நாட்டின் மாணவர் தேர்தல்களுக்கு இன்றுவரை அதுவே அடிப்படை. முதலாண்டு மாணவர் நிற்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. இளநிலை மாணவராக இருந்தால் வயது 17 முதல் 22-க்குள் இருக்க வேண்டும். முழுநேர மாணவராக இருக்க வேண்டும். அரியர் இருக்கக் கூடாது. குற்ற வழக்கும் ஒழுங்கு நடவடிக்கையும் இருக்கக் கூடாது. வருகைப்பதிவு 75 விழுக்காடோ, பல்கலைக்கழகம் விதித்த அளவோ, இரண்டில் எது கூடுதலோ அந்த அளவுக்கு இருக்க வேண்டும். இன்னும் ஒரு தேர்வுகூட எழுதாத உங்கள் மகளுக்கு அரியர் வர வழியில்லை. வருகைப்பதிவில்தான் கால் வழுக்கும். வகுப்பு தொடங்கி ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 35 வேலை நாள்கள். அதில் ஒன்பது நாள் போகவில்லையென்றாலே 75-க்குக் கீழே இறங்கிவிடும். தில்லியில் செப்டம்பர் மாதம் டெங்குக் காய்ச்சலின் மாதம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் மகளிடம் முதலில் பேச வேண்டியது இதைப் பற்றியல்ல. அந்தப் பரிந்துரைகளில் பலரும் படிக்காமல் தாண்டிப் போகிற ஒரு வரி இருக்கிறது: தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர் போன்ற நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரே ஒருமுறைதான் போட்டியிடலாம், நிர்வாகக் குழு உறுப்பினர் பதவிக்கு இருமுறை போட்டியிடலாம். வெல்வதற்கு ஒரு வாய்ப்பு என்று அங்கே எழுதவில்லை, போட்டியிடுவதற்கு ஒரு வாய்ப்பு என்றே எழுதியிருக்கிறது. தோற்றாலும் கணக்கு தீர்ந்தது. மூன்றாம் ஆண்டு மாணவர் அந்த வாய்ப்பைச் செலவழிப்பதும், வகுப்பறைக்கு வழி தெரிந்துகொண்ட கையோடு முதலாண்டு மாணவி செலவழிப்பதும் ஒன்றாகாது.

தேர்தல் நடக்கும் காலமும் முதலாண்டு மாணவருக்குச் சாதகமில்லை. கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தலை நடத்த வேண்டும் என்பது குழுவின் சொல். வேட்புமனு முதல் முடிவு அறிவிப்பு வரை எல்லாமே பத்து நாளுக்குள் முடிய வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2025-ல் முதலாண்டு வகுப்புகள் ஆகஸ்ட் 1 அன்று தொடங்கின. செப்டம்பர் 18 அன்று வாக்குப்பதிவு. இடையில் இருந்தது 48 நாள். சீனியர்களுக்கு இரண்டு ஆண்டுப் பழக்கம் இருக்கும். முதலாண்டு மாணவிக்கு இருப்பது அவளுடைய வகுப்பும் விடுதித் தளமும் மட்டுமே. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்து நாளும் எல்லா வேட்பாளரும் துரத்துவது முதலாண்டு வாக்கைத்தான். யாருக்கும் கடன்படாத, எந்த அணியிலும் சேராத, கல்லூரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாக்கு அது. முகம் தெரியாத அக்காக்கள் விடுதி அறைக் கதவைத் தட்டி, "ஊர் எது, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா" என்று கேட்பார்கள். உங்கள் மகளிடமும் கேட்டிருப்பார்கள். அந்த விசாரிப்பில் கொஞ்சம் உண்மையும் இருக்கும் என்பதால் அதைக் குறைசொல்ல மாட்டேன்.

ஆகவே என் யோசனை இது. செயலாளர் பதவியை இரண்டு ஆண்டு தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இந்த ஆண்டு வகுப்புப் பிரதிநிதியாகவோ துறைச் சங்கத்திலோ நிற்கட்டும். சில கல்லூரிகள் சில பதவிகளை இன்ன ஆண்டு மாணவருக்கு என்று தம் சங்க விதிகளில் ஒதுக்கி வைத்திருப்பதும் உண்டு. அந்த விதித்தாளைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படித்த பிறகு மனு போடட்டும். தேவையா என்று கேட்டீர்கள். இந்தி வராத ஊரில், ஐம்பது பேர் முன்னால் எழுந்து நின்று பேச ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தை நீங்கள் கிள்ளிவிட வேண்டாம்.

என் மகனும் வடக்கே முதலாண்டு படிக்கிறான். தேர்தல் செலவுக்கு இருபதாயிரம் ரூபாய் அனுப்பச் சொல்கிறான். போஸ்டர், துண்டறிக்கை, நண்பர்களுக்குச் சாப்பாடு என்று கணக்குச் சொல்கிறான். அனுப்பலாமா?
– வாசகர், ஈரோடு

அனுப்பாதீர்கள். வேட்பாளர் ஒருவரின் உச்சவரம்பு 5,000 ரூபாய். அதற்கும் முடிவு வெளியான இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கை ஒப்படைக்க வேண்டும்; வரம்பை மீறினால் வென்ற பதவியே செல்லாமல் போகும். இருபது ஆண்டுக்கு முன் விதித்த தொகை அது, இன்றைய விலைவாசிக்குப் போதாது என்று நானும் ஒப்புக்கொள்வேன். ஆனாலும் விதி விதிதான். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கட்சிப் பணம் உள்ளே வராமல் தடுப்பதற்காக, மாணவர்கள் தாமாக முன்வந்து தரும் நன்கொடையைத் தவிர வேறெங்கிருந்தும் வேட்பாளர் பணம் வாங்கக் கூடாது என்று குழு எழுதியது. எழுத்துக்கு எழுத்து படித்தால், ஈரோட்டிலிருந்து வரும் தகப்பனார் பணமும் அந்த "வேறெங்கிருந்தும்" என்பதில் அடங்கிவிடும்!

அடுத்து, உங்கள் மகன் சொல்லும் கணக்கே தவறு. அச்சடித்த போஸ்டருக்கும் துண்டறிக்கைக்கும் அனுமதியே கிடையாது. கையால் எழுதிய போஸ்டரை, வளாகத்தில் அதற்கென்று முன்கூட்டியே அறிவித்த இடத்தில் மட்டும் ஒட்டலாம். ஒலிபெருக்கி கூடாது, வாகனம் கூடாது. "அங்கே எல்லாரும் போஸ்டர் அடிக்கிறார்களே" என்று மகன் சொல்வார். உண்மைதான், தில்லிப் பல்கலைக்கழகத்தில் தேர்தல் நாள்களில் அதன் வடக்கு வளாகச் சாலைகளில் வேட்பாளர் பெயர் அச்சிட்ட அட்டைகள் சருகாகக் கிடக்கும். அந்தப் பெயர்களைக் கூர்ந்து பார்த்தால் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். நாளைக்கு விசாரணை வந்தால் "அது நானில்லை, என் பெயரில் அந்த எழுத்து கிடையாது" என்று சொல்லிக்கொள்ளும் உபாயம் அது. இந்தச் சாமர்த்தியத்துக்கும் ஒருநாள் முடிவு வந்தது. 2024 செப்டம்பர் 27 அன்று வாக்குப்பதிவு முடிந்த பிறகு, சுவர்களையும் பொதுச் சொத்துகளையும் அசிங்கப்படுத்தியதைச் சுத்தம் செய்யும் வரை வாக்குகளை எண்ணக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. முடிவு வெளியானபோது நவம்பர் 25 ஆகிவிட்டது. வென்றவர்கள் தாங்கள் வென்றது தெரியாமலே இரண்டு மாதம் சுவர் துடைக்க வேண்டிவந்தது.

சார்ட் பேப்பர் பத்தும், ஸ்கெட்ச் பேனா ஒரு பெட்டியும், கையெழுத்து நன்றாக இருக்கும் இரண்டு நண்பர்களும் போதும். சாப்பாட்டுச் செலவுக்கு மெஸ் இருக்கிறது.

நான் கோவையைச் சேர்ந்தவள். பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். முதலாண்டுப் பிரதிநிதி பதவிக்கு எங்கள் பேனலில் (வேட்பாளர் அணியில்) நிற்கிறாயா என்று ஒரு மாணவர் அமைப்பினர் கேட்கிறார்கள். நிற்கலாமா? அமைப்பில் சேராமல் தனியாக நின்றால் வெல்ல முடியுமா?
– வாசகி, கோவை

முதல் கடிதம் எழுதிய திருநெல்வேலி அம்மாவின் மகளைவிட உங்கள் நிலைமை மேல். கேரளக் கல்லூரிச் சங்கங்களில் சேர்மன், துணைச் சேர்மன், பொதுச் செயலாளர், பல்கலைக்கழக யூனியன் கவுன்சிலர், கலைமன்றச் செயலாளர், மலர் ஆசிரியர் ஆகியோரோடு ஆண்டுவாரிப் பிரதிநிதிகளும் உண்டு. முதலாண்டுப் பிரதிநிதியை முதலாண்டு மாணவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சீனியர்களின் பழைய பகைகள் உங்கள் வாக்குச்சீட்டுக்குள் வரா. உங்களைப் போலவே புதிதாக வந்தவர்கள்தாம் உங்கள் வாக்காளர்கள். இது நிர்வாகக் குழுவில் ஓர் இடமே தவிர, சேர்மன், செயலாளர் போன்ற நிர்வாகிப் பதவி அல்ல என்பதால், பின்னாளில் பெரிய பதவிக்கு நிற்கும் அந்த ஒற்றை வாய்ப்பும் பத்திரமாக இருக்கும்.

தனியாக நின்று வெல்வது கடினம். அங்கே மாணவர்கள் பெரும்பாலும் பேனலைப் பார்த்தே வாக்களிப்பார்கள். எஸ்.எஃப்.ஐ., கே.எஸ்.யு., ஏ.பி.வி.பி., எம்.எஸ்.எஃப். என்று எந்த அமைப்பும் முதலாண்டு இடத்துக்கு ஆள் தேடும்போது, புது முகமும் தெளிவான பேச்சும் கொண்டவரைத்தான் தேடும். அமைப்பில் நிற்பது குற்றமில்லை. மாணவர் தேர்தலை அரசியல் கட்சிகளிடமிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்று லிங்டோ குழு எழுதியதும், அந்தக் குழு அமையக் காரணமான வழக்கே கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது என்பதும் உண்மையானாலும், நடப்பு வேறு என்பதை நீங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் சம்மதிப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்: முதலாண்டு மாணவர்களின் குறை ஒன்று உங்கள் அமைப்பின் சேர்மனுக்கே எதிராக இருந்தால், கூட்டத்தில் அதை எழுப்ப உங்களை விடுவார்களா? கேட்டவுடன் வரும் பதிலைவிட, பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கவனியுங்கள்.

வேட்பாளர்கள் மாணவர்கள் முன் பேசும் "மீட் தி கேண்டிடேட்" நிகழ்ச்சி அன்று மலையாளத்தில் பேச வேண்டியிருக்கும். கோவைத் தமிழ் கலந்து வந்தால் வரட்டும், கைதட்டு அதற்கே கிடைக்கும்.

வடக்கே, கேரளத்தில் என்று எழுதுகிறீர்கள். நம் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் தேர்தலே இல்லையே? முதல் மதிப்பெண் வாங்கியவரை ஆசிரியர் எழுப்பி, "நீதான் ரெப்" என்று சொல்லிவிடுகிறார். இதற்கு அந்தக் குழு என்ன சொன்னது?
– வாசகர், மதுரை

தெளிவாகவே சொன்னது. அமைதியாகத் தேர்தல் நடத்தச் சூழல் இல்லாத இடத்தில் நியமனம் இருக்கலாம். ஆனால் அது இடைக்கால ஏற்பாடு. நியமன முறையில் இருக்கும் நிறுவனங்கள் எல்லாம் ஐந்து ஆண்டுக்குள் நேரடியாகவோ மறைமுகமாகவோ தேர்தல் முறைக்கு மாற வேண்டும். நியமிக்கும்போதுகூட வெறும் மதிப்பெண்ணை வைத்து நியமிப்பது நல்லதல்ல என்றும் எழுதியிருக்கிறது. அந்த ஐந்து ஆண்டு 2011-லேயே முடிந்துவிட்டது.

நான் படித்த கல்லூரியில் முதலாண்டில் வகுப்புப் பிரதிநிதிக்குக் கைதூக்கித் தேர்தல் நடந்தது. அறுபது பேரில் பதினொரு பேர் எனக்குக் கை தூக்கினார்கள். வென்றவன் கடைசி பெஞ்சுக்காரன். குடிநீர்க் குழாய் சரிசெய்யப்படும் வரை மூன்று வாரம் முதல்வர் அறை வாசலில் நின்றான். மதிப்பெண்ணைப் பார்த்து நியமித்திருந்தால் என்னைத்தான் நியமித்திருப்பார்கள், குழாயும் அப்படியே இருந்திருக்கும்.

முதலாண்டு மாணவனான நான் எங்கள் பல்கலைக்கழகத் தேர்தலில் இணைச் செயலாளர் பதவிக்கு நின்று 14 வாக்கில் தோற்றேன். வாக்குப்பதிவன்று எதிரணிக்காக வெளியாட்கள் வளாகத்துக்குள் வந்து விடுதி விடுதியாக வாக்குக் கேட்டார்கள். முதலாண்டு மாணவன் சொன்னால் யார் கேட்பார்கள்? அடுத்த ஆண்டு மீண்டும் நிற்கலாம் என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

நண்பர்கள் விதியைப் படிக்கவில்லை. நிர்வாகிப் பதவிக்கு நிற்கும் உங்கள் ஒற்றை வாய்ப்பு இந்தத் தேர்தலோடு முடிந்தது. இனி நிர்வாகக் குழு உறுப்பினராக நிற்கலாம். அதனால்தான் உங்கள் புகார் மற்றவர்களுடையதைவிட அவசரமானது.

மாணவர் பட்டியலில் பெயர் இல்லாத எவரும் தேர்தல் வேலையில் எந்த வகையிலும் ஈடுபடக் கூடாது என்பது விதி. புகார் கேட்கவென்றே ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். மாணவர் நலனுக்குப் பொறுப்பான டீன் அதன் தலைவர். மூத்த பேராசிரியர் ஒருவர், மூத்த நிர்வாக அலுவலர் ஒருவர், இறுதியாண்டு மாணவர் ஒருவர், மாணவி ஒருவர் ஆகியோர் உறுப்பினர்கள். புகார் கொடுக்க எந்த ஆண்டு படிக்கிறீர்கள் என்று அவர்கள் பார்க்க முடியாது. மாணவரா என்று மட்டுமே பார்க்கலாம்.

"வெளியாட்கள் வந்தார்கள்" என்று மட்டும் எழுதினால் குப்பைக் கூடைக்குப் போகும். எந்த விடுதி, எத்தனை மணி, எத்தனை பேர், யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். வாயில் காவலரின் வருகைப் பதிவேட்டையும் அந்த நேரத்துக் கண்காணிப்புக் கேமராப் பதிவையும் பாதுகாத்துவைக்கச் சொல்லி அதே கடிதத்தில் கேளுங்கள். கேமராப் பதிவு சில நாளிலோ வாரத்திலோ தானாக அழிந்துவிடக் கூடியது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். குழு புகாரைத் தள்ளினால் நிறுவனத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 24 மணி நேரமே அவகாசம் என்பதால், மேல்முறையீட்டுக் கடிதத்தையும் இப்போதே எழுதி வைத்திருங்கள்.

முடிவு அறிவித்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். உங்கள் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கும் தேதிப்படி, நான் இதை எழுதும்போது ஒன்பது நாள் கடந்துவிட்டது. இதழ் உங்கள் கைக்கு வர இன்னும் ஐந்து நாள் ஆகும். எஞ்சியிருப்பது ஒரு வாரம்.