சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி நண்பர்களோடு பேசி, உங்கள் கருத்து மாறியதுண்டா?

மாறியிருக்கிறது. ‘மெய்யழகன்’ பற்றி நான் அடித்துச் சொன்ன ஒன்றை நானே வாபஸ் வாங்க வேண்டி வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் நாங்கள் எப்படிப் பேசுவோம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்புறம், சில படங்களின் கதையும் முடிவும் இதில் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

எனக்குக் கடலூர். திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருக்கும் நாலு பேர் நாங்கள். ஒருவன் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஒருவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். இன்னொருவன் புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்க்கிறான், அங்கேயே குடும்பத்தோடு இருக்கிறான். அவன் அங்கே இருப்பதால் பாதிப் படங்கள் எங்களுக்குப் புதுச்சேரியில்தான். இரண்டாம் ஆட்டம் முடிந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று பைக்கில் திரும்பி வருவோம். முள்ளோடை தாண்டி தமிழ்நாட்டுக்குள் வரும்வரை யாரும் படத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. இது ஆட்டோக்காரன் போட்ட சட்டம். “தியேட்டர் வாசல்லயே சூப்பர், மொக்கைனு சொல்லிட்டா அப்புறம் அதையே காப்பாத்திக்கிட்டு இருக்கணும்டா” என்பான். அவன் சொன்னது சரி. அந்த முக்கால் மணி நேரத்தில், பிடிக்கவில்லை என்று நினைத்த படத்திலிருந்து ஒரு முகம் திரும்பத் திரும்ப வரும். ஆஹா என்று கை தட்டின படம் ரெட்டிச்சாவடி வருவதற்குள் கலைந்தும் போகும்.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ஆல்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்துவோம். முதல் கேள்வி “எப்படி இருந்துச்சு?” என்று இருக்காது. “எந்த இடம்?” என்றுதான் கேட்போம். இது என் கடையில் இருந்து வந்த பழக்கம். உடம்பு சரியில்லை, மாத்திரை கொடுங்கள் என்று வந்து நிற்பவரிடம் நான் என்னத்தைக் கொடுப்பேன்? எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்டால்தான் பேச்சே தொடங்கும். படத்துக்கும் அப்படித்தான் என்று தோன்றியது. எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாய், எந்த இடத்தில் போனை எடுத்தாய், அதைச் சொல். பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டால் ஒருவனுக்கொருவன் சொல்ல எதுவுமே இல்லாமல் போகிறது.

‘லப்பர் பந்து’ பார்த்துவிட்டு வந்த ராத்திரி டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. எல்லாருக்கும் பிடித்திருந்தது, எல்லாரும் ஒரே இடத்தைச் சொன்னோம். கிரிக்கெட்டே கதியென்று கிடக்கும் கணவன் மேல் உள்ள கோபத்தில், மைதானத்தை அந்த அக்கா டிராக்டர் ஏற்றி உழுகிற இடம். சில்வர் பீச் மணலில் டென்னிஸ் பந்தோடு வளர்ந்தவர்களுக்கு அதில் சண்டை போட ஒன்றும் இல்லை. நல்ல படம். ஆனால் எல்லாரும் ஒத்துப்போன படங்களைப் பற்றி எங்களுக்குள் நினைவு வைத்துக்கொள்ளப் பேச்சு மிஞ்சுவதில்லை.

‘மகாராஜா’ அப்படி இல்லை. விஜய் சேதுபதியின் 50-வது படம், நித்திலன் சாமிநாதன் இயக்கம், 2024 ஜூனில் வந்தது. அந்த வருடம் நவம்பரில் சீனா வரைக்கும் போனது. குப்பைத் தொட்டியில் ஆரம்பித்து, காலத்தைக் கலைத்துப் போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒரு புள்ளியில் கொண்டுவந்து சேர்க்கிற கதை. நாங்கள் நாலு பேரும் அந்தத் திரைக்கதையைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம். அடுத்த ஞாயிறு புதுச்சேரி நண்பன் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை, எங்களை அண்ணா என்று கூப்பிடும். நாங்கள் அந்தக் கடைசித் திருப்பத்தைப் பற்றி மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்கிறோம், ரசத்தை வைத்துக்கொண்டே அது கேட்டது: “அந்தப் பொண்ணுக்கு நடந்தது கடைசி வரைக்கும் நமக்குத் தெரியாம வச்சிருந்து, நாம அதிர்ச்சி ஆகணும்னு எடுத்து விடுறாங்க. அந்தப் பொண்ணு எப்படி இருக்கு, ஸ்கூலுக்கு எப்படிப் போச்சு, அது எங்கண்ணா இருக்கு படத்துல?”

யாரும் பதில் சொல்லவில்லை. புதுச்சேரி நண்பன்தான் கொஞ்சம் கழித்து, கடைசியில் அந்தப் பெண் தன்னைச் சீரழிக்கக் காரணமானவன் முன்னால் தலை நிமிர்ந்து நின்று பேசுவதை நினைவுபடுத்தினான். அது இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் அந்தக் கேள்வி கேள்வியாகத்தான் இருக்கிறது. எனக்கு இன்றும் அந்தப் படம் பிடிக்கும், விஜய் சேதுபதியின் அந்த மரத்துப்போன முகம் பிடிக்கும். ஆனால் திருப்பம் வரும் இடத்தில் முதல் தடவை வந்த அந்தக் குதூகலம் இரண்டாம் தடவை வரவில்லை. ஆசிரியையாக இருப்பவர் அந்தக் கதையில் ஒரு மாணவியைப் பார்க்கிறார். நாங்கள் நாலு பேரும் முடிச்சு அவிழ்வதை மட்டும்தான் பார்த்திருக்கிறோம். அன்றிலிருந்து, அது எங்களோடு படத்துக்கு வர முடியாவிட்டாலும் போனில் கூப்பிட்டு “எந்த இடம்மா?” என்று கேட்டுவிடுகிறோம்.

இனி ‘மெய்யழகன்’. பிரேம்குமார் இயக்கியது, 2024 செப்டம்பர் கடைசியில் வந்தது. சொத்துத் தகராறில் 1996-இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன ஒருவர் (அரவிந்த் சாமி), 20 வருடத்துக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஒட்டிக்கொள்கிற ஒரு சொந்தக்காரன் (கார்த்தி), அவன் பெயர்கூட இவருக்கு நினைவில் இல்லை. இருவரும் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள். படம் ஏறக்குறைய 3 மணி நேரம். நீளம் என்று பேச்சு வந்ததும் சில நாட்களிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள்.

நான் முதல் நாளே பார்த்தேன். டீக்கடையில் என் தீர்ப்பு இதுதான்: முதல் பாதி தங்கம், அந்த மேடையில் தங்கச்சிக்கு நகை போட்டுவிடுகிற இடம் ஒன்றே போதும். ஆனால் இரண்டாம் பாதியில் ஜல்லிக்கட்டு, ஈழம், சோழர் வரலாறு என்று உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கதைக்கு அது எதற்கு? வெட்டியது நல்லது. ஆட்டோக்காரனும் ஆமாம் என்றான். சிப்காட் நண்பன் மட்டும் கிளாஸைப் பிடித்தபடி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். “உனக்கு எந்த இடம்டா?” என்று கேட்டேன். “அப்புறம் சொல்றேன்” என்றான். அப்படி அவன் சொல்வதே இல்லை.

இரண்டு வாரம் கழித்து தேவனாம்பட்டினம் கடற்கரையில், சுண்டல் பொட்டலம் கையில் இருக்க, அவனே ஆரம்பித்தான். வெட்டின பிறகு தனியாகப் போய் இன்னொரு தடவை பார்த்திருக்கிறான். “நீ வேணாம்னு சொன்னியே, அதுதான் இப்ப இல்ல. அது இல்லாம அந்த ராத்திரியே சின்னதாயிடுச்சி. ரொம்ப வருசம் கழிச்சி பாத்துக்கறவங்க என்னத்தடா பேசுவாங்க? கேக்க வேண்டியத கேக்க முடியாது. ஏன்டா போனீங்கன்னு இவன் கேக்க மாட்டான், உன் பேரு என்னன்னு அவரு கேக்க முடியாது. அதனாலதான் ஊரு உலகத்தப் பத்தி எல்லாம் பேசுறாங்க. அந்தத் தேவையில்லாத பேச்சுதான் அவங்களுக்கு உறவு.”

நான் அப்படி யோசித்ததே இல்லை. அவன் பெயர்கூடத் தெரியவில்லையே என்ற குற்றவுணர்ச்சியில் அந்த மனிதர் விடியுமுன்னே சொல்லாமல் கிளம்புகிறாரே, அது ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பதற்கும் எனக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. எதையெதையோ விடிய விடியப் பேசியவர்கள். கேட்டிருக்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமல் பிரிகிறார்கள்.

அதோடு அவன் நிறுத்தவில்லை. மஞ்சக்குப்பத்தில் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. தாத்தா கட்டினது. நாங்கள் ஒன்பதாவது படிக்கும்போது பெரியப்பா, சித்தப்பாக்களுக்குள் பாகப்பிரிவினையில் பேச்சு முற்றி, வீட்டை விற்று, இவர்கள் புதுப்பாளையத்தில் வாடகைக்கு வந்தார்கள். இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரியாதது ஒன்று இருந்தது. “அவரு நீடாமங்கலத்துக்கு வர சென்னையிலேர்ந்து கிளம்பணும். நான் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கேன். வித்ததுலேர்ந்து அந்தத் தெருவுக்குள்ள நான் போனதில்லடா.”

பின்னால் உட்கார்ந்து எத்தனையோ தடவை அவனோடு பைக்கில் போயிருக்கிறேன். மஞ்சக்குப்பம் பக்கம் எங்கே போவதாக இருந்தாலும் பாரதி சாலையில் போய்ச் சுற்றிக்கொண்டுதான் வருவான். குறுக்கே போகலாமே என்றால் “அங்க ரோடு சரியில்ல” என்பான். நானும் ரோடு சரியில்லை என்றே நினைத்திருந்தேன். அவ்வளவு வருடம் கழித்து ஒரு படம் வந்துதான் அதை எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வெட்டியது நல்லது என்று நான் சொன்னதை அன்றைக்கே, அந்த மணலிலேயே திரும்ப எடுத்துக்கொண்டேன். இது நண்பனுக்காகச் செய்த விட்டுக்கொடுத்தல் இல்லை, அவன் வாதம் படத்தைப் பற்றியே சரியான வாதம்.

ஆனால் எல்லாப் படத்திலும் இப்படி ஆகிவிடாது. ‘கொட்டுக்காளி’யில் நானும் ஆட்டோக்காரனும் இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பி.எஸ். வினோத்ராஜ் எடுத்தது. பின்னணி இசையே கிடையாது. இது தியேட்டரில் வெளியிட வேண்டிய படமா என்று சினிமாக்காரர்களே அப்போது பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சில் வருத்தம் உண்டு. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் 1960-களிலேயே ‘உன்னைப்போல் ஒருவன்’ கதையைத் தானே படமாக்கி தேசிய விருது வாங்கினார். இவ்வளவு காலம் ஆகியும் இப்படிப்பட்ட படத்துக்குத் தியேட்டர் எதற்கு என்று கேட்கிறோமே.

ஆட்டோக்காரனுக்கு இசை இல்லாதது உறைக்கவே இல்லை. “எந்த இடம்?” என்றதும் “சத்தம்” என்றான். மதுரைப் பக்கம் ஒரு குடும்பம், வேறு சாதிப் பையனைக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, சாமியாரிடம் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகிறார்கள். படம் பெரும்பாலும் அந்தப் பயணம்தான். “நம்ம வண்டி சத்தம் மாதிரியே இருந்துச்சி. பொம்பளைங்கள உள்ள வச்சிட்டு ஆம்பளைங்க பைக்ல கூடவே வர்றாங்க பாரு, பாத்தா துணைக்கு வர்ற மாதிரி இருக்கும், ஆனா காவல்தான் அது. என் வண்டியிலயும் அப்படி ஏறியிருக்காங்க. கண்ணாடில பாத்தா தெரியும். எல்லாரும் பேசுவாங்க, ஒரு பொண்ணு மட்டும் வெளியவே பாத்துக்கிட்டு வரும்.” அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பெண் மீனாவாக நடித்த அன்னா பென் கிட்டத்தட்ட படம் முழுக்கப் பேசாமல் வருவது எனக்கு முதலில் கொஞ்சம் செயற்கையாகப் பட்டது. ஆட்டோ கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தவன் சொன்ன பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சண்டை முடிவைப் பற்றி. சாமியார் இன்னொரு பெண்ணுக்குப் பேய் ஓட்டுகிற விதத்தைச் மீனாவைக் கட்டிக்கொள்ளப் போகிற பாண்டி (சூரி) நின்று பார்க்கிறான். அடுத்து மீனாவின் முறை. படம் அங்கே நின்றுவிடுகிறது, அவன் என்ன செய்தான் என்று காட்டுவதில்லை.

ஆட்டோக்காரன் சொல்கிறான், பாண்டி வண்டியைத் திருப்பிவிடுவான் என்று. தன் கண்ணால் பார்த்த பிறகு எந்த ஆம்பளையும் உள்ளே அனுப்ப மாட்டான் என்கிறான். வழியில் அந்தப் பெண் ஒரு பாட்டை லேசாக முணுமுணுத்ததற்கே அவளைப் போட்டு அடித்தவன் அவன், அப்பா அம்மா தடுத்தும் விடவில்லை, அந்தக் கையை ஐந்து நிமிடத்தில் எது மாற்றும் என்று நான் கேட்கிறேன். வழியை மறித்து நின்ற மாட்டைப் பெரியவர்களால் நகர்த்த முடியாமல் ஒரு சின்னப் பெண் வந்து கூட்டிப்போனதே, அது எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அவன் திருப்பிக் கேட்கிறான். காலில் கயிறு கட்டி கூடவே கொண்டு போகிறார்களே சேவல், அது எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கிறேன்.

போன வாரம் மாத்திரை வாங்க என் கடைக்கு வந்தான். அவசரமாக வாங்கிக்கொண்டு படி இறங்கினவன், வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு அங்கிருந்தே கத்தினான்: “திருப்பிடுவான்டா!”