ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் துக்கம் உறைக்காதா?

உறைக்கும். எனக்கு ஆட்டிசம் என்று 32 வயதில்தான் தெரிந்தது. அதுவரை சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்குக் கல்நெஞ்சுக்காரன் என்று பேர்.

மாமா இறந்த அன்று வாசலில் பறை, உள்ளே ஒப்பாரி, ஊதுபத்திப் புகை, சம்பங்கி மாலை வாடை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார். என் முகம் அசையவே இல்லை. உள்ளே மூச்சு முட்டியது, காதில் இரைச்சல். கையை உருவிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன். "தூக்கி வளர்த்த மனுசன் போயிட்டாரு, ஒரு சொட்டு வருதா பாரு" என்று யாரோ சொன்னது கேட்டது.

பின்கட்டில் நின்றபோதுதான் அத்தைக்குச் சுகர் என்பது நினைவுக்கு வந்தது. துக்க வீட்டில் அடுப்பு எரியாது. காலையிலிருந்து வெறும் வயிறாகத்தான் இருப்பார். பக்கத்து வீட்டில் கஞ்சி வாங்கி வந்து குடிக்க வைத்தேன். அதை யாரும் அழுகைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்புறம் நாலு நாள் வயிற்றுவலி. வாயு என்று நினைத்து மருந்து குடித்தேன். ஐந்தாம் நாள், ஒரு பக்கமாகவே தேய்ந்த மாமாவின் செருப்பைத் திண்ணைக்கடியில் பார்த்ததும் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வலித்தது வயிறல்ல என்று அப்போதுதான் புரிந்தது. தனக்குள் ஓடுவது துக்கமா, கோபமா, பசியா என்று பிரித்துச் சொல்ல வராத இந்த நிலைக்கு அலெக்சிதைமியா என்று பேர். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருப்பதாக 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஆட்டிசம் இல்லாத சிலருக்கும் உண்டு. மீதிப் பாதியின் கதை வேறு. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கும் ஆட்டிசம்தான். பஸ்ஸில் முன்பின் தெரியாத குழந்தை அழுதாலே தாங்காமல் இறங்கிவிடுவார்.

சரி, முகக்குறிப்பு படிப்பதில் நான் மந்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்தவர் முகத்தைப் படிப்பது வேறு, அவருக்காக மனம் துடிப்பது வேறு. தவிர, என் முகத்தை அன்று அந்த வீட்டில் எத்தனை பேர் சரியாகப் படித்தார்கள்? தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் இதைத்தான் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, பழி மட்டும் ஒரு பக்கம் விழுகிறது.

அத்தையிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். இப்போது அவர் சுற்றி வளைப்பதில்லை. போன் செய்து, "அழணும் போல இருக்குடா, சும்மா லைன்ல இரு" என்பார். இருப்பேன்.