கேளுங்கள், சொல்கிறோம்: போன் பெட்டியில் ஐந்து பெயர்கள்

கேள்வி: புதுப் போன் பெட்டியில் ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ, நாவிக் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்று போதாதா? ஐந்து இருந்தால் ஐந்து மடங்கு துல்லியமா? (வாசகர், கரூர்)

பதில்: ஐந்துமே செயற்கைக்கோள்களை வைத்து இடம் காட்டும் அமைப்புகள்தான், ஆனால் ஐந்து மடங்கெல்லாம் கிடையாது. மொட்டை மாடியில் நின்று பார்த்தால், ஜிபிஎஸ் மட்டும் பிடிக்கிற போனும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே இடத்தைத்தான் காட்டும். வித்தியாசம் தெரிவது சந்துக்குள். இடத்தைச் சொல்ல மூன்று எண், போனின் மலிவான கடிகாரம் எவ்வளவு பிசகி ஓடுகிறது என்பதற்கு ஒன்று, ஆக நான்கு செயற்கைக்கோளாவது வேண்டும். (கடிகாரம் ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினால் 300 மீட்டர் போச்சு!) இரண்டு பக்கமும் மாடி வீடுகள் நெருக்கும் தெருவில் ஒரு பட்டை வானம்தான் தெரியும், அதில் அகப்படுகிற செயற்கைக்கோள்கள் எல்லாம் தெரு போகிற திசையிலேயே நிற்கும், அதனால் நீளவாக்கில் கணக்கு ஓரளவு சரியாக வந்துவிடும், குறுக்குவாக்கில் தடுமாறும். மேப்பில் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜிபிஎஸ்ஸில் வேலை செய்பவை சுமார் 31. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ மூன்றையும் சேர்த்தால் நூறைத் தாண்டும், பட்டை வானத்திலும் நாலைந்துக்குப் பஞ்சம் இருக்காது.

ஆனால் சும்மா கூட்டிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். உலக நேரத்தில் அவ்வப்போது ஒரு செகண்ட் கூட்டுவார்கள் அல்லவா, குளோனாஸ் அதைச் சேர்த்துக்கொள்ளும், ஜிபிஎஸ் சேர்க்காது, அதனால் 2017 முதல் ஜிபிஎஸ் நேரம் 18 செகண்ட் முன்னால் ஓடுகிறது. முழு செகண்டைக் கழிப்பது சுலபம், மிஞ்சும் நானோ செகண்டுகள்தான் தொல்லை. ஒரு நானோ செகண்ட் என்றால் 30 சென்டிமீட்டர். அந்த வித்தியாசத்தையும் போனே கண்டுபிடிப்பதாக இருந்தால், புதிதாகச் சேரும் ஒவ்வொரு அமைப்பிலும் ஒரு செயற்கைக்கோள் அதற்கே செலவாகும்.

இன்னொரு லாபம் உண்டு. 2019 ஜூலையில் கலிலியோ ஏறக்குறைய ஒரு வாரம் படுத்துவிட்டது. மற்றவை இருந்ததால் போன்கள் பாட்டுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தன.

சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலுக்கு மட்டும் பெயர்களின் எண்ணிக்கை மருந்து ஆகாது. அதற்கு வழக்கமான எல்1 அலைவரிசையோடு எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையும் வேண்டும். என்னைக் கேட்டால் ஐந்து பெயரை விட்டுவிட்டு ‘எல்1+எல்5’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நான் எங்கே இருக்கிறேன் என்று சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் தெரிந்துவிடாதா? (வாசகி, தேனி)

பதில்: இதனால் தெரியாது. ரேடியோ மாதிரி, போன் கேட்க மட்டுமே செய்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தை வெளியே சொல்வது, ‘அனுமதி’ என்று நீங்களே தட்டிவிட்ட ஆப்கள்.

கேள்வி: நாவிக் நம்முடையதுதானே, பல போன்களில் ஏன் இல்லை? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: முதலில் வந்த நாவிக் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு எல்5, எஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் மட்டுமே பேசின. எல்1 மட்டும் கேட்கிற சாதாரண போனுக்கு அவை இருந்தும் இல்லாத கணக்குதான். 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்விஎஸ்-01இல்தான் எல்1 வந்தது. பழைய செயற்கைக்கோள்கள் பலவற்றில் அணுக் கடிகாரங்கள் வேறு நின்றுபோயின. 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02ஓ போய்ச் சேர வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. அதனால் இப்போதைக்கு நாவிக் கூடுதல் துணை, அவ்வளவுதான். அது இல்லை என்பதற்காக நல்ல போனை ஒதுக்க வேண்டாம்.