அலுமாரி வாங்க முதல் துணியைப் பிரியுங்கோ

அக்கா, கிளிநொச்சி வீட்டு விறாந்தையில துண்டுத்துணியளைப் பொருத்தி ஒட்டுப்போர்வை தைக்கிறன், துணியெல்லாம் உரப்பையில கிடந்து மாரிக்குப் பூஞ்சணம் மணக்குது, இன்னொரு அலுமாரி வாங்கட்டோ எண்டு கேட்டிருந்தீங்கள். இப்ப வேண்டாம்.

முதல்ல பருத்தியையும் பொலியெஸ்டரையும் பிரியுங்கோ. சந்தேகமெண்டால் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கோ: பருத்தி கடுதாசி எரிஞ்ச மணத்தோட சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கட்டிபடும். கழுவாத பருத்தியை மற்றதோட சேர்த்துத் தைச்சால், முதல் தோய்ச்சலிலேயே அது சுருங்கிப் போர்வை கோணும்.

நிறவாரியா அடுக்கச் சொல்லுவினம். பாக்க வடிவுதான், எனக்கெண்டால் அளவுதான் முக்கியம். அரை யார் (ஒண்டரை அடி) நீளத்துக்கு மேற்பட்ட துணியை ஒரே அகலத்தில மடிச்சு, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கோ. சின்னத் துண்டுகளைச் சேர்த்து வைக்காமல், கையோட 2½ அங்குலக் கீலமாவும் 5 அங்குலச் சதுரமாவும் வெட்டிப் போடுங்கோ. அதுக்கும் தேறாதது தலையணைக்குள்ள.

பூஞ்சணத்துக்கு: ஐப்பசி மழைக்கு முன்னம் எல்லாத்தையும் தோய்ச்சு, மொறுமொறுவெண்டு காயவிட்டு, சூடு ஆறினாப்பிறகு மூடியுள்ள பெட்டியில போடுங்கோ. ஈரத்துணி ஒண்டு போனாலும் முழுப்பெட்டியும் மணக்கும். பெட்டியைக் கல்லு வைச்சு உயர்த்தி, சுவரில முட்டாமல் வையுங்கோ. எங்கட பக்கத்துக் கறையானைத் தெரியும்தானே.

அலுமாரிக் காசில இடுப்பளவு உயரத்தில வெட்டுமேசை ஒண்டு செய்வியுங்கோ. நிலத்தில குனிஞ்சு வெட்டினால் நாரி போயிடும்.