இரண்டு விநாடி மின்னலை எங்கே தேடுவது?
கிளிநொச்சி மாணவி ஒருவர் கேட்டது: இரண்டு விநாடிக்குள் முடியும் காமாக் கதிர் வெடிப்பின் (தொலைவிண்ணிலிருந்து திடீரெனப் பாயும் காமாக் கதிர்களின்) இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இரணைமடுப் பக்கம் இரவில் வயற்காவல் இருந்தவர்களுக்கு இது விளங்கும். எங்கோ யானைவெடி கேட்கும், திசை மட்டும்தான் தெரியும். எந்த வயல் என்று அறிய ரோச் அடித்துப் புகையைத் தேடவேண்டும். காமாக் கருவியும் பெரும்பாலும் பரும்படியான திசையைத்தான் சொல்லும். அப்புறம் தொலைநோக்கிகள் அங்குள்ள விண்மீன் திரள்களைப் படமெடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் புதுப் புள்ளியைத் தேடும். வெடிப்புக்குப் பின் மிஞ்சும் ஒளி அது. மிக மங்கல், சீக்கிரம் அணைந்துவிடும். 2005 யூலையில்தான் முதன்முதலாக அகப்பட்டது.

2017 ஓகஸ்ட் 17 அன்று ஈர்ப்பலை (வெளியையே அதிரவைக்கும் அலை) வந்து 1.7 விநாடியில் இப்படியொரு வெடிப்பு. ஏறத்தாழ 11 மணித்தியாலத்தில் சிலியிலுள்ள வெறும் 1 மீற்றர் தொலைநோக்கி அந்தப் புள்ளியைப் பிடித்தது! சில நாட்களில் அதன் நீலம் சிவப்பாக மாறியது. இரு நியூத்திரன் விண்மீன்கள் (இறந்த பெரிய விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்கள்) மோதியதில் பாரமான தனிமங்கள் பிறந்ததன் தடயம் அது. இதை நினைத்தால் எனக்கு இன்னமும் மெய்சிலிர்க்கும்.