பசை இருக்கட்டும், தாழ்ப்பாளைத் திறங்கள்

கேள்வி: புழுவெட்டில் முடி முழுதும் கொட்டிவிட்டது. மூன்று வருடமாக விக் வைக்கிறேன். பசை தடவுவது முன்நெற்றி ஓரத்தில் மட்டும்தான். சில மாதமாக நெற்றியிலும் பின்மண்டையிலும் அரிப்பு, கொப்புளம். கணவரும் 12 வயது மகளும் என் வெறும் தலையைப் பார்த்ததே இல்லை. குளியலறையைத் தாழ்போட்டுக்கொண்டு விக்கை அலசி, ஈரத்தோடே மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவேன். தோலைப் புண்ணாக்காத பசை எது?

பதில்: பசைக்கு அப்புறம் வருகிறேன். முன்நெற்றியில் மட்டும் பசை என்றால் பின்மண்டையில் கொப்புளம் எப்படி வந்தது? ‘ஈரத்தோடே’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பாருங்கள். ஈரமும் வியர்வையும் காய வழியில்லாமல் நாள் முழுக்க மூடிக்கிடக்கிற தோலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் சும்மா இருக்குமா? முடி கொட்டினாலும் வேர்ப்பைகள் உள்ளேதான் இருக்கின்றன, அவை வீங்கிச் சீழ் பிடிக்கும். இரவிலும் நீங்கள் கழற்றுவதில்லை, சரிதானே? இப்படி எழுதுகிறவர்கள் யாருமே கழற்றுவதில்லை.

விக் காய ஒரு இரவாவது திறந்த இடத்தில் ஸ்டாண்டில் கிடக்க வேண்டும். உங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை, ஏனென்றால் பெற்ற மகளிடமிருந்தே ஒளிக்கிறீர்கள். புழுவெட்டு தொற்றுநோயா என்ன? நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது, இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. வெளியே போகும்போது தாராளமாக விக் வையுங்கள், ஆனால் வீட்டுக்குள் எதற்கு? உங்களைப் பார்த்துத்தானே அந்தப் பிள்ளை வளர்கிறாள், நாளைக்கு அவள் உடம்புக்கு ஏதாவது வந்தால் உங்களிடம் சொல்வாளா, அவளும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வாளா? உங்கள் கணவர் மேலும் எனக்குக் கோபம்தான். மூன்று வருடத்தில் ஒருநாள் அந்தக் கதவைத் தட்டி, ‘எதற்கு இந்தக் கஷ்டம், கழற்றிவிட்டு வா’ என்று சொல்ல வேண்டியது அவர் கடமை இல்லையா?

சரி, பசை. புண் ஆறும்வரை எந்தப் பசையும் வேண்டாம், முடிந்தால் விக்கே வேண்டாம், மெல்லிய பருத்தித் துணி போதும். அக்ரிலேட், லேடெக்ஸ் உள்ள பசைகள் பலருக்கு ஒவ்வாது. ஆறிய பிறகும் புதுப் பசையை முன்கையின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு தடவி 48 மணி நேரம் பார்க்காமல் நெற்றிக்குக் கொண்டுபோகாதீர்கள். பிய்த்து எடுக்காதீர்கள், அதற்கான கரைப்பானால் ஊறவைத்து எடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். இன்னொன்று, செயற்கை இழை விக் என்றால் அதோடு அடுப்புப் பக்கமே போகாதீர்கள், சூட்டில் சுருங்கி உருகிவிடும்.

இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். விக்கையும் பசை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின்மண்டைப் புண் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, மருந்து போட அவர் கைதான் வேண்டும்.