மூன்று ஆலோசகர்கள், மூன்று விதமான ஃபீஸ்: யாரை எடுப்பது?

கேள்வி: 150 பேர் வேலை செய்யும் உற்பத்தி நிறுவனம் எங்களுடையது. மூன்று வருடமாக விற்பனை நகரவே இல்லை. வெளியிலிருந்து ஒரு ஆலோசகரைக் கொண்டுவரலாம் என்று மூன்று தரப்பிடம் பேசினோம். எங்கள் கணக்கைத் தணிக்கை செய்யும் பெரிய நிறுவனத்தின் ஆலோசனைப் பிரிவு மாதக் கட்டணம் கேட்கிறது. நான்கே பேர் உள்ள ஒரு சிறிய நிறுவனம் மொத்தமாக ஒரு தொகை சொல்கிறது. எங்கள் துறையிலேயே ஓய்வுபெற்ற மூத்த அதிகாரி ஒருவர், விற்பனை கூடினால் அதில் குறிப்பிட்ட சதவீதம் போதும் என்கிறார். யாரை எடுப்பது?

பதில்: மூன்று பேருக்கும் பதில் சொல்வதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் உங்கள் கணக்குப் பிரிவிடம் ஒரு வேலை கொடுங்கள். கடந்த மூன்று வருட விற்பனையை வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். எத்தனை பேர் விலகிப் போனார்கள், எத்தனை பேர் புதிதாக வந்தார்கள், பழையவர்கள் வாங்குவது கூடியதா குறைந்ததா என்பது அதில் தெரிந்துவிடும். மொத்தம் அசையாமல் நின்றாலும் உள்ளே நடப்பது வேறாக இருக்கலாம். புதியவர்கள் நன்றாகவே வந்து, பழையவர்கள் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தால், சிக்கல் பெரும்பாலும் தரத்திலோ டெலிவரியிலோ விலையிலோ இருக்கும். அதற்கு வியூக ஆலோசகர் தேவையே இல்லை. புதியவர்கள் வருவதே நின்றுவிட்டது என்றால் நல்ல விற்பனை மேலாளர் ஒருவரை வேலைக்கு எடுப்பது போதுமானதாக இருக்கலாம். யாரும் போகவில்லை, ஆனால் எல்லோருமே குறைவாக வாங்குகிறார்கள் என்றால் சந்தையே சுருங்குகிறது. அப்போதுதான் வெளிக்கண் உண்மையில் உதவும்.

அந்தக் கணக்கு கையில் வந்ததும், நீங்கள் எடுக்க வேண்டிய முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘வளர வேண்டும்’ என்பது ஆசை. ‘இப்போதுள்ள பொருளையே புதிய சந்தைக்குக் கொண்டுபோவதா, இங்கேயே புதிய பொருள் தயாரிப்பதா’ என்பதுதான் முடிவு. இது தெளிவாக இல்லாமல் ஆலோசகரைக் கூப்பிட்டால், அவருக்கு எது நன்றாகத் தெரியுமோ அதுவே உங்கள் பிரச்சினையாகிவிடும். நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது அந்த மூவர்.

தணிக்கை நிறுவனத்தை இதற்கு எடுக்காதீர்கள். அவர்களுடைய திறமை மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. தணிக்கையாளர் உங்களிடம் கசப்பான உண்மையைச் சொல்லும் சுதந்திரத்தோடு இருக்க வேண்டியவர். அதே நிறுவனம் உங்களிடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கினால், தன் ஆலோசனையின் விளைவையே தணிக்கை செய்யும் நிலை வரும். அமெரிக்காவின் என்ரான் நிறுவனத்திடமிருந்து 2000ஆம் ஆண்டில் அதன் தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சன், தணிக்கைக்காக 2.5 கோடி டாலரும் மற்ற சேவைகளுக்காக 2.7 கோடி டாலரும் பெற்றது. அடுத்த வருடமே என்ரான் திவாலானது. அமெரிக்காவில் 2002இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் அதே நிறுவனத்துக்குப் பல வகையான ஆலோசனைச் சேவைகள் செய்வதைத் தடை செய்தது. உங்களுடையது சிறிய நிறுவனமாக இருக்கலாம், காரணம் மாறவில்லை.

ஓய்வுபெற்ற அதிகாரியின் யோசனைதான் மூன்றிலும் கவர்ச்சியானது, ஆபத்தானதும் அதுதான். விற்பனையை உயர்த்துவது எளிது. தள்ளுபடி கொடுக்கலாம், கடன் தவணையை 30 நாளிலிருந்து 90 நாளாக்கலாம், தயங்கும் வாடிக்கையாளருக்கும் சரக்கை அனுப்பலாம். விற்பனை கூடும், அவர் சதவீதத்தை வாங்கிக்கொள்வார். வராத பாக்கியைத் துரத்துவது உங்கள் வேலையாகிவிடும். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும், இந்த அமைப்பு அவரை அந்தப் பக்கம்தான் இழுக்கும். சதவீதம் கொடுத்தே ஆக வேண்டுமானால், வசூலான பணத்தில் செலவு போக மிஞ்சும் லாபத்தின் மேல் கொடுங்கள். ஆனாலும் அவருடைய அனுபவத்தை விட்டுவிடாதீர்கள். மாதம் இரண்டு நாள் உட்கார்ந்து பேச, நிலையான ஒரு தொகைக்கு அவரை வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சுவது சிறிய நிறுவனம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் இவர்களைத்தான் சோதித்துப் பார்ப்பேன். முழு வேலையையும் உடனே கொடுக்காமல், நான்கு வாரத்துக்குக் காசு கொடுத்து ஒரு சின்ன வேலை கொடுங்கள். இலவசமாகச் செய்து தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். இலவச ஆய்வு பெரும்பாலும் அடுத்த பெரிய ஒப்பந்தத்துக்கான விளம்பரமாகவே முடியும். அந்த நான்கு வாரத்தில் அவர்கள் உங்கள் தொழிற்கூடத்தில் யாரிடம் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். இயந்திரம் ஓட்டுபவரிடமும், டெஸ்பாட்ச் பார்ப்பவரிடமும், விலகிப்போன வாடிக்கையாளரிடமும் பேசாமல் முதலாளியோடு மட்டுமே கூட்டம் போடுபவர்கள், நீங்கள் சொன்னதையே அழகாக அச்சிட்டுத் தருவார்கள்.

அப்புறம், பேச வந்தவரும் வேலை செய்யப்போகிறவரும் ஒருவர்தானா என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் மூத்தவர் வந்து ஒப்பந்தத்தைப் பேசி முடிப்பார். மறுவாரம் அனுபவம் குறைந்த இளைஞர்கள் லேப்டாப்போடு வந்து நிற்பார்கள். வாரத்துக்கு யார் எத்தனை நாள் என்று பெயரோடு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உங்கள் போட்டியாளருக்கும் வேலை செய்கிறார்களா என்பதையும் நேரடியாகக் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே வேறொரு வாடிக்கையாளரின் உள்விவரத்தை எடுத்துச் சொன்னால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நாளை உங்கள் விவரமும் இன்னொரு மேசையில் அப்படித்தான் பேசப்படும்.

ரெஃபரன்ஸ் கேட்கும்போது இரண்டு வருடத்துக்கு முன் வேலை முடிந்த வாடிக்கையாளரைக் கேளுங்கள். அவரிடம் ஒரே கேள்வி போதும்: அவர்கள் சொன்னதில் எது இன்றும் நடக்கிறது?

ஒப்பந்த விஷயத்தில் ஆலோசனைச் சேவைகளுக்காக 2017இல் வெளியான ஐஎஸ்ஓ 20700 என்ற சர்வதேச வழிகாட்டி உதவும். ஒப்பந்தம், செயல்படுத்தல், முடித்துவைத்தல் என்று ஆலோசனை வேலையை மூன்று கட்டமாக அது பிரிக்கிறது. பலரும் கோட்டை விடுவது மூன்றாவதில். வேலை எப்போது முடிந்ததாகக் கொள்வது, அவர்கள் தயாரித்த கணக்கீட்டுக் கோப்புகள் யாருக்குச் சொந்தம், உங்கள் ஆட்களில் யார் அதைத் தொடர்ந்து நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் இருக்கட்டும். இடையில் நிறுத்த 30 நாள் நோட்டீஸ் போதும் என்றும் சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரிக்கு அவர்கள் காட்டும் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.